மணத்தக்காளிக்காக ஒரு வம்பு

இந்த ஊரில் கொத்துமல்லியைத் தொட்டியோடு விற்கிறார்கள். சின்னதாக ஒரு பிளாஸ்டிக் தொட்டி, அதற்குள் ஒரு கைப்பிடி மண், அதன்மேல் காய்ச்சலில் கிடந்து எழுந்த மாதிரி நாலு தண்டு. வாங்கிவந்து சன்னலில் வைத்துக் கிள்ளிக் கிள்ளிப் போட்டுக்கொள்ள வேண்டும். ஒரு வாரத்துக்குள் அது தலையைச் சாய்த்துவிடும். வந்த புதிதில் அந்தத் தொட்டியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு பஸ்ஸில் நின்றபோது, கோயிலுக்கு முளைப்பாரி எடுத்துப்போகிறவன் மாதிரி இருந்தது எனக்கு. கோயமுத்தூரில், சிங்காநல்லூரில் காய் வாங்கினால், பையின் மேலே ஒரு கொத்துக் கொத்துமல்லி கேட்காமலே வந்து விழும். இங்கே அது சன்னல் சாமி. ஆனால் இதே ஊரில், தரையில் தானாக முளைத்து நிற்பதை ஒருத்தரும் தொடுவதில்லை. கடையில் இருந்தால்தான் சாப்பாடு. ரோட்டோரம் இருந்தால் அது யாருக்கும் வேண்டாத பச்சை.

பிள்ளைகளே, ஊரில் இருக்கிற உங்களுக்கும், எங்களைப் போல் ஊரை விட்டுவந்தவர்கள் வீட்டில் வளர்கிற உங்களுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். நான் சோமனூர்க்காரன். பத்தாவதுக்கு மேல் படிக்கவில்லை, தறி மெக்கானிக்காக இருந்தேன். என் வீட்டுக்காரி சுமதி நர்ஸ். கோயமுத்தூரில் இருந்தபடியே ஜெர்மன் படித்து, பரீட்சை எழுதி, இங்கே ஆஸ்பத்திரி வேலைக்கு வந்தாள். அவள் பின்னாலே நானும் எங்கள் மகள் தர்ஷினியும் வந்தோம். இது ஒரு சின்னப் பல்கலைக்கழக ஊர். நான் அந்தப் பல்கலைக்கழகத்தின் மாணவர் சாப்பாட்டுக்கூடத்தில் தட்டுக் கழுவுகிற பெரிய யந்திரத்தைப் பார்த்துக்கொள்கிறேன். தறியில் நாடா ஓடும், இதில் தட்டு ஓடும், மற்றபடி சத்தம் ஒன்றுதான்.

தர்ஷினியின் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒரு ஓடை போகிறது. போன வருசம் குளிர்காலத்துக்கு முன்னால் அந்தக் கரையில் ஒரு செடியைப் பார்த்தேன். வெள்ளையாகக் குட்டிப் பூ, நடுவில் மஞ்சள், கொத்தாகக் கறுத்த பழம். மணத்தக்காளி. எங்கள் பக்கம் சுக்குட்டி என்போம். ஊரில் வாய்ப்புண் வந்தால் டாக்டரிடம் போகமாட்டோம், இதன் கீரையைப் பருப்போடு கடைந்து சாப்பிடுவோம். காயை மோரில் ஊறவைத்து வத்தலாக்கிக் குழம்பு வைப்போம். எங்கள் சமையலறை டப்பாவில் ஊரிலிருந்து கொண்டுவந்த வத்தல் இன்னும் இருக்கிறது. தெரியாத ஊரில் சொந்தக்காரரை பஸ் ஸ்டாண்டில் பார்த்த மாதிரி நான் அந்தச் செடிகிட்டே நின்றுவிட்டேன். தர்ஷினிக்குக் காட்டினேன். பழுத்த பழம் ரெண்டு அவளும் தின்றாள், நானும் தின்றேன்.

கொஞ்ச நாள் கழித்துப் பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தது. தர்ஷினியின் சிநேகிதி லேனா. பல்லுக்குக் கம்பி கட்டியிருந்ததால் அந்தப் பெண்ணுக்கு வாயெல்லாம் புண். நம் பிள்ளை என்ன செய்வாள்? ஓடைக்கரைக்குக் கூட்டிப்போய்ப் பழம் பறித்துக் கொடுத்திருக்கிறாள். லேனாவின் உதடு ஊதா நிறமாக இருந்ததை வகுப்பு ஆசிரியை பார்த்துவிட்டார். அந்தச் செடியை இங்கே குழந்தைப் பருவத்திலேயே காட்டி, "கிஃப்டிக்", அதாவது விஷம், தொடாதே என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். ஜெர்மன் மொழியில் அதற்குக் கறுப்பு இரவுநிழல் என்று பேர். உடனே ஆம்புலன்ஸ்.

நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டர் என்னிடம் ஒரு கேள்விதான் கேட்டார். உங்கள் மகள் இதை இதற்கு முன்னால் சாப்பிட்டிருக்கிறாளா என்று. பயப்பட ஒன்றுமில்லை என்று அவருக்குப் புரியவைக்கலாம் என நினைத்து, எனக்குத் தெரிந்த ஜெர்மனில் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன்: "ஆமாம். சின்ன வயதிலிருந்து. சாதத்தோடு."

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். அதுவரை வெளியே நாற்காலியில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்த தர்ஷினியையும் கூட்டிப்போய்ப் பக்கத்துக் கட்டிலில் படுக்கவைத்தார்கள். அது சுமதி வேலை செய்கிற ஆஸ்பத்திரி. மேல்மாடியிலிருந்து யூனிஃபார்மோடு இறங்கிவந்தவள், கூட வேலை செய்கிறவர்கள் முன்னால் சிரித்த முகமாகவே என் காதோரம் சொன்னாள்:

"ஏனுங்க, வாய வெச்சுட்டுச் சும்மா இருக்க மாட்டீங்களா?"

"உள்ளதத்தான சொன்னேன்."

"உள்ளதச் சொன்னீங்க, இப்ப என்ற புள்ளைக்கும் ஊசியப் போட்டுட்டாங்க."

ரெண்டு பிள்ளைகளுக்கும் ஒன்றும் ஆகவில்லை. சாயங்காலமே அனுப்பிவிட்டார்கள். லேனாவின் வாய்ப்புண் ஆறிப்போச்சா என்று அவள் அம்மாவிடம் கேட்க எனக்கு ஆசை. சுமதி கண்ணாலேயே தடுத்துவிட்டாள்.

விசயம் அதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். மறுவாரம் எங்களைப் பள்ளிக்கூடத்துக்குக் கூப்பிட்டார்கள். அந்த மாதக் கடைசியில் பல்கலைக்கழகத்துக்காரர்கள் மூணாம் வகுப்புப் பிள்ளைகளை ஓடைக்குக் கூட்டிப்போவதாக இருந்தது. முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு தண்ணிக்குள் இறங்கி, வலை போட்டுப் பூச்சி பிடித்து, மைக்ராஸ்கோப்பில் பார்த்து, அந்த ஓடை நல்லா இருக்கிறதா நோவோடு இருக்கிறதா என்று பிள்ளைகளே கண்டுபிடிக்க வேண்டும். பல்கலைக்கழகத்தின் நிசமான ஆராய்ச்சிக்கு அந்தக் கணக்கு போகும். தர்ஷினி ரெண்டு மாதமாக வீட்டில் வேறு பேச்சே பேசவில்லை. பூட்ஸை வாங்கிவந்த அன்றைக்கு அதைப் போட்டுக்கொண்டே சோறு தின்றாள். ஆசிரியை சொன்னது இதுதான்: தர்ஷினி வகுப்பு முன்னால் நின்று, இது விஷச்செடி, நான் சொன்னது தப்பு என்று சொல்ல வேண்டும். சொன்னால் ஓடைக்கு வரலாம். சொல்லாவிட்டால் அவளை நம்பித் தண்ணிக்கரைக்குக் கூட்டிப்போக முடியாது.

அந்த அம்மா கெட்டவரில்லை. இருபதுக்கு மேற்பட்ட பிள்ளைகளின் வாய்க்கு அவர்தான் பொறுப்பு. அடுத்த வீட்டுப் பிள்ளைக்குக் கேட்காமல் எதையும் தின்னக் கொடுக்கக் கூடாது என்பதை நானும் ஒத்துக்கொள்கிறேன், நீங்களும் ஒத்துக்கொள்ளுங்கள். செடியை முழுக்கத் தெரிந்த பெரியவர் பக்கத்தில் இல்லாமல் எதையும் வாயில் வைக்காதீர்கள். அதில் எனக்கு வழக்கே இல்லை. நான் சுமதியை மொழிபெயர்க்கச் சொன்னேன்: "கேக்காம குடுத்தது தப்பு. அத அவ சொல்லுவா. நாங்க விஷம் தின்னு வளந்தவங்கன்னு சொல்ல மாட்டா."

சுமதி முதல் பாதியை மட்டும் மொழிபெயர்த்தாள். மீதியை நானே அரைகுறை ஜெர்மனில் சொன்னேன். ஆசிரியை உதட்டைச் சுருக்கிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் தர்ஷினி என் சட்டையைப் பிடித்தாள். "அப்பா, நான் சொல்லிப்போட்டுப் போயர்றேன். வாயிலதான சொல்றது."

"வாயில சொன்னாச் சொன்னதுதான் கண்ணு."

"அப்ப நீங்க போயி ஓடைக்குள்ள நில்லுங்க," என்று பூட்ஸைத் தூக்கிக் கதவோரம் போட்டாள்.

சுமதியும் அவள் பக்கம்தான். "சொல்லட்டும் உடுங்க. அவ சொல்றதால நம்ம ஊரா அழிஞ்சுபோகுது?"

எனக்கு ஏன் இத்தனை பிடிவாதம் என்று நீங்கள் கேட்கலாம். நான் உங்கள் வயதில் இருந்தபோது எங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணி கெட்டுப்போச்சு. சாயப்பட்டறைகள் விட்ட தண்ணி மண்ணுக்குள்ளேயே நடந்து வந்து கிணற்றில் இறங்கிவிட்டது. பருப்பு வேகவில்லை, சோப்பு நுரைக்கவில்லை, எருமை வாளிக்குள் மூக்கை விட்டுவிட்டு எங்களைத் திரும்பிப் பார்த்தது. ஒருநாள் அரசாங்க ஜீப்பில் பேண்ட் போட்ட நாலு பேர் வந்தார்கள். கிணற்றை எட்டிப்பார்த்தார்கள். தண்ணி பரவாயில்லை, புழங்கலாம் என்றார்கள். வெயிலில் வந்தவர்களாயிற்றே என்று எங்கம்மா அதே தண்ணியைச் சொம்பில் கொடுத்தாள். வாங்கித் திண்டின்மேல் வைத்துவிட்டு, ஜீப்பிலிருந்து பாட்டிலை எடுத்துக் குடித்தார்கள். எங்கப்பா அதையும் பார்த்துக்கொண்டுதான் நின்றார். பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். "சரிங்க. நீங்க சொன்னாச் சரிதானுங்க." எங்கள் ஊர் மரியாதையை நான் குறை சொல்லமாட்டேன், நாயைக்கூட 'ங்க' போட்டு விரட்டுகிற ஊர் அது. ஆனால் தன் நாக்கு சொல்வதை விட்டுவிட்டு அடுத்தவர் சொன்னதற்கு எங்கப்பா தலையாட்டிய அந்த நேரம் எனக்குள் முள்ளாக நின்றுபோச்சு. நல்லதைக் கெட்டது என்றாலும் கெட்டதை நல்லது என்றாலும், எனக்குத் தெரிந்ததைத் தெரியும் என்று சொல்வேன். என் பிள்ளையும் சொல்வாள்.

ஓடைப் பயணத்தை நடத்துகிறவர் பெக்கர் அம்மா, பல்கலைக்கழகத்தில் செடிகளைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவர். எங்கள் சாப்பாட்டுக்கூடத்தில்தான் மத்தியானம் சாப்பிடுவார். நான் ஏப்ரனை அவிழ்த்து வைத்துவிட்டு அவர் மேசைக்குப் போய் நின்றேன். சாப்பாட்டில் ஏதோ குறை, மன்னிப்புக் கேட்க வந்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, "எல்லாம் நன்றாக இருக்கிறது, நன்றி" என்றார். இல்லை, செடி என்றேன். போனில் இருந்த படத்தைக் காட்டி, நடந்ததையெல்லாம் தப்பும் தவறுமாகச் சொன்னேன். அவர் முட்கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கடைசிவரை கேட்டார்.

"விஷம் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன்," என்றார். "இந்தக் குடும்பத்தில் ஒன்றுபோல இருக்கிற செடிகள் நிறைய. பச்சைக் காய் நிச்சயமாக ஆபத்து. சில நாடுகளில் சமைத்துச் சாப்பிடுகிறார்கள் என்று படித்திருக்கிறேன். இந்தக் கரையில் இருப்பதை நான் சாப்பிட மாட்டேன். உங்கள் பிள்ளைக்கும் கொடுக்காதீர்கள்."

"எங்க ஊர்ல இருக்கறது?"

"அதை நான் பார்த்ததில்லை. எனக்குத் தெரியாது."

"அப்படியானா, தெரியாதுன்னு பள்ளிக்கூடத்துல சொல்லுங்க."

அவர் சிரித்தார். "பல்கலைக்கழகத்தில் நாங்கள் நாள் முழுக்கச் சொல்வது அதைத்தான். பள்ளிக்கூடத்தில்தான் அது கடினம்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "நீங்களும் ஓடைக்கு வாருங்கள். அவளை நீங்கள் பார்த்துக்கொள்ளலாம்," என்றார்.

அவர் பள்ளிக்கூடத்தில் என்ன பேசினார் என்று எனக்குத் தெரியாது. தர்ஷினி தன் வார்த்தையிலேயே சொல்லலாம் என்று ஆசிரியை ஒத்துக்கொண்டார். அன்றைக்கு ஓடைக்கரையில் எல்லோரும் வட்டமாக நின்றார்கள். நான் கடன் வாங்கிய பூட்ஸ் போட்டுக்கொண்டு பின்னால் நின்றேன். தர்ஷினி அந்தச் செடியைத் தொடாமல் விரலால் காட்டிச் சொன்னாள்: "லேனாகிட்டயும் அவங்க அம்மாகிட்டயும் கேக்காம நான் குடுத்தது தப்பு. எங்க ஊர்ல நாங்க இதச் சாப்பிடறோம். இங்க நிக்கறது அதுதானான்னு இன்னும் யாருக்கும் தெரியல. தெரியற வரைக்கும் நான் சாப்பிட மாட்டேன்." ஜெர்மனில்தான் சொன்னாள். ஆனால் எனக்கு ஒவ்வொரு வார்த்தையும் புரிந்தது.

ஒரு பையன் கேட்டான்: "நீங்கள் எல்லாரும் சாகவில்லையா?"

"இன்னும் இல்லை," என்றாள் தர்ஷினி.

லேனாதான் முதலில் சிரித்தாள். ஆசிரியை சிரிக்கவில்லை. அப்புறம் எல்லோரும் தண்ணிக்குள் இறங்கினார்கள். நான்தான் வழுக்கி விழுந்தேன்.

பெக்கர் அம்மா தர்ஷினிக்கு ஒரு பூதக்கண்ணாடி கொடுத்தார். ஊருக்குப் போகும்போது எங்கள் செடியைப் பார்த்து, இலை, பூ, காய்க்கொத்து எல்லாவற்றையும் அளந்து படம் எடுத்து வரச் சொன்னார். செடியைக் கொண்டுவரக் கூடாது, அதற்குச் சட்டம் இருக்கிறது. படம் போதும். அவருக்கு அது நிசமாகவே வேண்டியிருந்தது. மாதத்துக்கு ஒருதரம் சாப்பாட்டுக்கூடத்தில் என்னைப் பார்த்து, எப்போது ஊருக்கு என்று கேட்பார்.

ஆடி மாதம், பள்ளிக்கூடத்தின் ஆறு வார லீவில் ஊருக்குப் போனோம். காற்று ஆளைத் தூக்குகிற மாதிரி அடித்துக்கொண்டிருந்தது. சுமதி பிறந்தது பெருந்துறைப் பக்கம் ஒரு ஊர், அவள் அண்ணன் பழனிச்சாமி அங்கே விவசாயம் பார்க்கிறார். போய் இறங்கிய மறுநாளே தர்ஷினி பூதக்கண்ணாடியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். மக்காச்சோளக் காட்டு வரப்பெல்லாம் சுற்றினோம். சுக்குட்டியைக் காணோம். ஒரே ஒரு இடத்தில் நாலு செடி இருந்தது, இலையெல்லாம் பழுப்பேறி, நெருப்புப் பட்ட மாதிரிச் சுருண்டு. நான் குனிந்து கையை வைக்கப்போனேன். தூரத்திலிருந்து மச்சான் கத்தினார்.

"மாப்பிள்ள, அதத் தொட்டுப்போடாதீங்க. மருந்தடிச்சிருக்குது."

"எதுக்கு மச்சான்?"

"களைக்குத்தானுங்க. கொத்தறதுக்கு ஆளு எங்கீங்க வாரான்? விடிஞ்சாப் பூராம் கம்பெனி வண்டியேறிப் போயர்றாங்க."

"கீரைக்கு என்ன பண்றீங்க?"

"எந்தக் கீரைக்கு? இதுக்கா?" மச்சான் தலைத்துண்டை அவிழ்த்து உதறிச் சிரித்தார். "இதுக்காகவா செர்மனிக்காரங்கூடச் சண்ட கட்டுனீங்க? சுமதி போன்ல சொன்னப்ப நான் வேற ஏதோ பெரிய விசயம்னு நெனச்சேன். இங்க இத ஒருத்தரும் திங்கறதில்லீங்க மாப்பிள்ள. என்ற பையன் தட்டுல பச்சையாக் கண்டாலே தள்ளி வெச்சர்றான்."

தர்ஷினி என்னைப் பார்த்தாள். பூதக்கண்ணாடி அவள் நெஞ்சில் ஆடிக்கொண்டிருந்தது. "அப்பா, அப்ப நான் அங்க சொன்னது பொய்யா?"

எங்க ஊர்ல நாங்க இதச் சாப்பிடறோம் என்று அத்தனை பேர் முன்னால் சொன்ன பிள்ளை அவள். சொல்லவைத்தவன் நான். அங்கே புத்தகம் விஷம் என்கிறது, இங்கே நாங்களே மருந்தை ஊற்றி விஷமாக்கி வைத்திருக்கிறோம். அங்கே பள்ளிக்கூடத்தில் எனக்கு வந்த கோபம் சும்மா. இங்கே வந்ததுதான் கோபம். மச்சான்மேல் இல்லை. ஆள் இல்லாமல் அந்த மனிதன் தனியாக என்ன செய்வார்? 'சாப்பிடறோம்' என்று சொன்ன வாய் எங்களுடையது, அதை நிசமாக்குகிற கையும் எங்களுடையதாகத்தான் இருக்க வேண்டும்.

மோட்டார் ரூமுக்குப் பின்னால் ஒரு மூலை, மச்சான் இதுவரை மருந்து கொண்டுபோகாத இடம். குழாய்த் தண்ணி கசிந்து எப்போதும் ஈரமாக இருக்கும். புல்லும் பார்த்தீனியமும் மண்டிக் கிடந்தது. நான் களைக்கொத்தை எடுத்துக்கொண்டு போனேன். அந்த மூலையை நாங்கள் கையாலேயே சுத்தம் செய்கிறோம், அங்கே மருந்து அடிக்கவேண்டாம் என்று மச்சானிடம் சொன்னேன்.

"லீவுக்கு வந்த ஆளு களை வெட்டறாரு பாரு," என்று சுமதியைக் கூப்பிட்டுக் காட்டினார் மச்சான். "நீங்க போனதுக்கப்பறம் யாருங்க பாக்கறது?"

"நீங்கதான் மாமா," என்றாள் தர்ஷினி. "ஒரே ஒரு மூலைங்க. உட்டுப்போடுங்க."

"உனக்கு எதுக்கு அம்மணி அது? அங்க எல்லாந்தான் கடையில கெடைக்குதே."

"நான் சொன்னது பொய்யாகக் கூடாது மாமா."

மச்சானுக்கு அது முழுசாகப் புரிந்திருக்காது. ஆனாலும் அவரே ஒரு கடப்பாரையை எடுத்துவந்து, நான் பிடுங்க முடியாமல் விட்டிருந்த வேலிக்கருவை வேரைப் பெயர்த்துக் கொடுத்தார். புல்லை எடுத்தபோது அடியில் சின்னச் சின்னதாகச் சுக்குட்டி நாற்று நின்றது. வெளிச்சம் பட்டதும் மளமளவென்று ஏறியது. தர்ஷினி காலையிலும் சாயங்காலமும் அளந்தாள். பூவையும் காயையும் எண்ணினாள். எறும்பு போவதையும் படம் எடுத்தாள். மச்சான் மகன், தட்டில் பச்சையைத் தள்ளிவைக்கிறவன், ஸ்கேல் பிடித்துக்கொண்டு நின்றான். திரும்புகிற வாரம் சுமதி அந்தக் கீரையைப் பறித்துத் துவரம்பருப்புப் போட்டுக் கடைந்தாள். எல்லோரும் சாப்பிட்டோம். மச்சான் முதலில் மோரை ஊற்றிக்கொள்ளப் பார்த்தார். அப்புறம் கரண்டியை நகர்த்தி ஒருவாய் போட்டுக்கொண்டார்.

"கசக்குது," என்றார். இன்னொருதரம் போட்டுக்கொண்டார்.

படங்களைப் பெக்கர் அம்மாவிடம் கொடுத்தோம். பெரிய கம்ப்யூட்டரில் போட்டு நெடுநேரம் பார்த்தார். காய் உட்காருகிற விதம் வேறாக இருக்கிறது, சொந்தம்தான், ஆனால் ஒரே செடி இல்லை என்று நினைக்கிறேன், இன்னும் நிச்சயமாகச் சொல்லமுடியாது என்றார். தர்ஷினி அதை வகுப்பில் போய் அப்படியே சொன்னாளாம். ஆசிரியை இந்தமுறை அதைப் போர்டில் எழுதினாராம்.

இப்போது இங்கே மறுபடியும் பழம் கறுக்கிற காலம். நேற்று தர்ஷினியைக் கூப்பிடப் போனேன். அவளும் லேனாவும் ஓடைக்கரையில், இடுப்புயரச் செடிகளுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தார்கள். கறுப்புக் கறுப்பாகப் பழம், கைக்கு முட்டுகிறது. ரெண்டு பேரும் ஒன்றையும் தொடவில்லை. தர்ஷினி என் போனை வாங்கி மச்சானை வீடியோவில் கூப்பிட்டாள். திரையில் மோட்டார் ரூம் சுவர் தெரிந்தது, அதற்குப் பின்னால் காற்றில் ஆடுகிற பச்சை. இங்கே இன்னும் சாயங்கால வெயில் இருந்தது. அங்கே நன்றாகவே இருட்டிவிட்டதால், மச்சான் டார்ச் அடித்து ஒவ்வொரு செடியாகக் காட்டினார். தர்ஷினி போனை முகத்துக்கு நெருக்கமாகப் பிடித்துக்கொண்டாள். காலடியில் ஒரு மண், கையில் ஒரு மண்.

"மருந்தடிச்சீங்களா மாமா?"

"இல்லீங்க அம்மணி. ஆனா புல்லு ஏறிப்போச்சு. கொத்தோணும்."

"அடிச்சுப்போடாதீங்க," என்றாள். "நான் வாரேன்."